சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பது பாம்பின் முதுகெலும்பா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர், நீண்ட கடிதம் ஒன்றும் அதோடு நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு நடக்கப் போனபோது, ஓடைக்கரையில் கிடந்த உள்ளங்கை அகலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லை அவருடைய ஒன்பது வயது மகள் எடுத்திருக்கிறாள். கல்லின் ஒரு முகத்தில், நாணயங்களை அடுக்கிப் படுக்க வைத்ததுபோல ஏழு வட்டுகள் வரிசையாக இருக்கின்றன. வரிசையின் நீளம் சுமார் 4 செ.மீ., பருமன் சுண்டுவிரல் அளவு. எட்டாவது வட்டு தனியே கழன்றுவிட்டது. அதன் நட்டநடுவில் ஒரு சிறு துளை, துளையிலிருந்து ஓரம்வரை சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நுண்கோடுகள். கல்லின் பின்பக்கம், பெரணி இலையைப் போலக் கறுப்பாக ஒரு தடம்.

அவருடைய மைத்துனர் பார்த்த மாத்திரத்தில், "பாம்போட முதுகெலும்பு, இல்லேன்னா குட்டி டைனோசர் வால்" என்று சொல்லிவிட்டார். வாசகர் வினிகர் ஊற்றிப் பார்த்தார், நுரைத்தது. எலும்பில் கால்சியம் இருப்பதால்தான் நுரைக்கிறது என்று எடுத்துக்கொண்டார். கத்தி முனையால் ஒரு வட்டைச் சுரண்டினார், வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பயந்து நிறுத்திவிட்டார். கல்லை வலுவான அமிலத்தில் போட்டு மற்ற பகுதியைக் கரைக்கலாமா, கார்பன் டேட்டிங் எங்கே செய்வது, கைப்பேசிக் குழுவில் ஒருவர் விலைக்குக் கேட்கிறாரே, கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். மகளின் கேள்வியும் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது: "இதோட தலை எங்கே?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கல்லில் இருப்பது புதைபடிவம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பாம்பு இல்லை, டைனோசரும் இல்லை. படங்களை வைத்து நான் சொல்லக்கூடியது, அது கடல் அல்லியின் காம்பு. கிரினாய்டு என்பார்கள். பெயரில் அல்லி இருந்தாலும் அது செடி இல்லை, விலங்கு. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி. கடல் தரையில் ஒட்டிக்கொண்டு, வட்டு வட்டாக அடுக்கிய காம்பின் உச்சியில் ஒரு கிண்ணமும், கிண்ணத்தைச் சுற்றி இறகு போன்ற கைகளுமாக நிற்கும். நீரில் மிதந்து வரும் இரையை அந்தக் கைகளால் பிடித்துத் தின்னும்.

உங்கள் மைத்துனரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் கல்லைப் பார்த்ததும் முதலில் கேட்கும் கேள்வி "இது எதைப் போல இருக்கிறது?" என்பதுதான். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கேட்க வேண்டியது, "இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?" மேகத்தில் யானையைப் பார்க்கிற கண்தான் கல்லிலும் வேலை செய்கிறது. அந்தக் கண்ணுக்கு யானைதான் தெரியும், மேகம் தெரியாது.

படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1726-இல் ஷாய்க்சர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் தெரிந்த மண்டையோட்டையும் முதுகெலும்பு வரிசையையும் பார்த்து, ஊழி வெள்ளத்தில் மூழ்கிய மனிதன் என்று எழுதினார். மருத்துவர், எலும்பை அறிந்தவர், அவரே சொன்ன பிறகு பலர் நம்பினார்கள். 1811-இல் ஜார்ஜ் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு, பாறைக்குள் மறைந்திருந்த பகுதியை மெதுவாகச் செதுக்கி வெளியே எடுத்தார். முன்னங்கால்கள் தெரிந்தன. மனிதன் இல்லை, பெரிய சாலமாண்டர், தவளைக்கு உறவான வால் உள்ள பிராணி. அந்த இனத்துக்கு இன்றும் ஷாய்க்சரின் பெயர்தான் இருக்கிறது, பாவம்.

முதுகெலும்பா, காம்பா

கழன்று வந்த எட்டாவது வட்டுதான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் துளை. பாம்புக்கும் பல்லிக்கும் நமக்கும் தண்டுவடம் போகிற துளை, எலும்பின் உருளை உடலுக்கு நடுவே இருக்காது. உடலுக்கு மேலே, ஒரு வளைவுக்குள் இருக்கும். அந்த வளைவிலிருந்து முட்களும் இறக்கை போன்ற தட்டுகளும் நீட்டிக்கொண்டிருக்கும். பாம்பின் முதுகெலும்பு அதிலும் சிக்கலானது. முன்பக்கம் குழி, பின்பக்கம் குமிழ், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். உங்கள் வட்டிலோ ஓரம் வழவழப்பாக வட்டமாக இருக்கிறது, நீட்டல் எதுவும் இல்லை, துளை சரியாக மையத்தில் இருக்கிறது.

"மீன் முள் வட்டமாகத்தானே இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நானே ஒரு நிமிடம் யோசித்தேன். மீனின் முதுகெலும்பு உண்மையிலேயே வட்டாகத்தான் இருக்கும், நடுவில் ஊசித்துளையும் இருக்கலாம். ஆனால் அதன் இரண்டு முகங்களும் கிண்ணம்போலக் குழிந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் உடுக்கை மாதிரி. முகத்தில் இருக்கும் கோடுகள் மரத்தின் வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வரும். உங்கள் வட்டின் முகம் தட்டை. கோடுகளோ மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகின்றன. கடல் அல்லிக் காம்பில் அந்த ஆரக்கோடுகளுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு வட்டின் மேடு அடுத்த வட்டின் பள்ளத்தில் உட்காரும், காம்பு வளையும்போது வட்டுகள் வழுக்கி விலகாது.

இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வட்டு எங்காவது உடைந்திருக்கிறதா பாருங்கள். (இல்லையென்றால் உடைக்க வேண்டாம்.) உடைந்த முகத்தை மேசை விளக்கின் கீழே பிடித்து, மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அந்த முகம் முழுவதும் கண்ணாடிச் சில்லுபோல ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னும். கடல் அல்லி, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் ஒவ்வொரு ஓட்டுத் துண்டும் ஒரே ஒரு கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம், கால்சியம் கார்பனேட்) படிகம்போல நடந்துகொள்ளும். அதனால்தான் தட்டையாக உடைந்து மின்னுகிறது. எலும்பு இப்படி மின்னாது. அதன் உள்ளே ரொட்டித் துண்டைப்போல நுண்துளைகள் தெரியும்.

வரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூராகச் சிறுத்துக்கொண்டே போனால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். நேராக வளரும் நாட்டிலாய்டு என்ற பழைய கணவாய் உறவினருக்கும் அறை அறையான ஓடு உண்டு. அதில் அறைச்சுவர்கள் கைக்கடிகாரக் கண்ணாடிபோல வளைந்திருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் வட்டும் ஏழாவது வட்டும் ஒரே அகலமாகத்தான் தெரிகின்றன.

டைனோசர் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் உருவாவது, சிப்பிகளும் பவளங்களும் நுண்ணுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகளாலேயே ஆனது. டைனோசர்களோ நிலத்தில் வாழ்ந்தவை. அதற்காக அறவே கிடைக்காது என்றில்லை. டைனோசர்களின் வழிவந்த, முதல் பறவை என்று பெயர் வாங்கிய ஆர்க்கியாப்டெரிக்ஸ், ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லிலிருந்துதான் 1861-இல் உலகுக்கு அறிமுகமானது. ஆனால் அது அபூர்வம். சுண்ணாம்புக்கல்லில் ஒன்றைப் பார்த்தால் முதலில் கடல் உயிர்களை நினைப்பதே முறை.

பின்பக்கத்துக் கறுப்புப் பெரணி

இதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அந்தப் படத்தைத்தான் பெரிதாக எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அது பெரணி இல்லை, எந்தச் செடியும் இல்லை. டென்ட்ரைட் என்று பெயர். கல்லின் விரிசலுக்குள் கசிந்த நீர், கரைந்த மாங்கனீசைக் கொண்டுவந்து படியவிட்டு, அது கிளை கிளையாக வளர்ந்த படிகப் படலம். குளிர்ந்த கண்ணாடியில் உறைபனி இலைபோலப் படர்வதற்கு ஒப்பானது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுநரம்பு இருக்காது, இலைக்காம்பு இருக்காது, கிளைகள் எல்லாம் விரிசலின் ஓரத்திலிருந்தே புறப்படும். அழகானதுதான், வைத்துக்கொள்ளுங்கள். புதைபடிவம் என்று மட்டும் எழுதி ஒட்ட வேண்டாம்.

அமிலத்தை எடுத்து வைத்துவிடுங்கள்

இந்தக் கடிதத்துக்கு நான் அவசரமாகப் பதில் எழுதக் காரணமே இதுதான்.

வினிகர் நுரைத்தது கால்சியத்தால் இல்லை, கார்பனேட்டால். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியேறுகிறது. எலும்பின் முக்கியப் பொருள் கால்சியம் பாஸ்பேட், அது அப்படி நுரைக்காது. ஆக, அந்தச் சோதனை "இது சுண்ணாம்புக்கல்" என்றது, அவ்வளவுதான். உள்ளே உயிர் இருந்ததா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் புதைபடிவமும் இல்லாத சுண்ணாம்புக்கல்லும் அதேபோல நுரைக்கும்.

நீங்கள் பயந்து நிறுத்திய கத்தி வேலைதான் உண்மையில் உதவியாக இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் 3, கத்தியின் எஃகு சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. வட்டு கத்திக்கு இணங்கி வெள்ளைப் பொடியானது என்றால் அதுவும் கால்சைட்தான், சுற்றியிருக்கும் கல்லும் கால்சைட். அமிலத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கல் கரையும்போது காம்பும் கூடவே கரைந்துபோகும். மறுநாள் காலையில் பாத்திரத்தில் கலங்கல் நீர்தான் மிஞ்சும்.

அமிலத்தில் போட்டு அற்புதமான சிப்பிகளை எடுக்கும் காட்சியை எங்கோ பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பொய் இல்லை. சில இடங்களில் ஓடுகள் காலப்போக்கில் சிலிக்காவாக, அதாவது கத்திக்கு இணங்காத குவார்ட்ஸின் பொருளாக, மாறிவிடும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கிளாஸ் மலைகளிலிருந்து டன் கணக்கில் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, முட்கூட உடையாத ஓடுகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் எடுத்தார்கள். அங்கே அமிலம் கல்லைத் தின்றது, சிலிக்காவைத் தொடவில்லை. உங்கள் கல் அந்த வகை இல்லை என்பதைக் கத்தி சொல்லிவிட்டது. தவிர, வலுவான அமிலத்தின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

வினிகர் ஊற்றிய இடத்தை இப்போதாவது கழுவுங்கள். வெறும் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று முறை நீரை மாற்றி, நிழலில் உலர விடுங்கள். அழுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், இடுக்குகளுக்குப் பல்குத்தும் குச்சி. வார்னிஷ் பூச வேண்டாம். கழன்ற வட்டைச் சூப்பர் பசையால் ஒட்டவும் வேண்டாம், ஒட்டினால் ஆரக்கோடுள்ள முகம் மறைந்துபோகும். அருங்காட்சியகங்களில் அசிட்டோனில் கரைத்த ஒருவகை அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவார்கள், வேண்டும்போது அதை மறுபடி கரைத்து எடுத்துவிடலாம் என்பதால். உங்களுக்கு ஒரு தீப்பெட்டியும் கொஞ்சம் பஞ்சும் போதும்.

வயது தெரிய வேண்டுமா

கார்பன் டேட்டிங் இதற்கு உதவாது. கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்கிற அளவுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. கடல் அல்லிகள் சுமார் 48 கோடி ஆண்டுகளாக இருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு உங்கள் கல்லுக்குக் கார்பன் வயது சொல்கிறேன் என்று யாராவது வந்தால் விலகிப்போங்கள்.

இன்னொரு சிக்கல், கடல் அல்லிகள் இன்றும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கின்றன. ஆகவே காம்பை மட்டும் பார்த்து வயது சொல்வது கடினம். இனத்தின் பெயரையும் பெரும்பாலும் கிண்ணத்தைப் பார்த்துத்தான் வைப்பார்கள், காம்பை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது. வயதைச் சொல்லப்போவது, நீங்கள் கரைத்து எறிய நினைத்த அந்த மீதிக் கல்தான். அதை 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், ஃபோராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியலாம். எந்த வகை எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்பதற்கு அட்டவணையே இருக்கிறது.

அதைவிடச் சுலபமான வழி, கல் எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. அந்தப் பகுதியின் புவியியல் வரைபடத்தில் அந்த அடுக்கின் வயது ஏற்கெனவே எழுதியிருக்கும். ஓடைக்கரையில் தனியாகக் கிடந்த கல் என்பதால் அதன் சொந்த இடம் அதுவாக இருக்காது. உங்கள் கல்லின் விளிம்புகள் இன்னும் கூராக இருப்பது நல்லது, வெகுதூரம் உருண்டிருந்தால் கூழாங்கல் ஆகியிருக்கும். ஓடை வரும் திசையில், மேலே எங்கோ பக்கத்தில் இதே சாம்பல் அடுக்கு வெளியே தெரியக்கூடும். போய்ப் பார்க்கலாம், செங்குத்துக் கரையின் அடியில் நின்று சுத்தியலால் தட்டத்தான் கூடாது. அப்புறம், எடுத்த இடம், தேதி, யார் எடுத்தது, இவற்றை இன்றே ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். என் அலமாரியிலேயே சீட்டு இல்லாத அருமையான கற்கள் சில இருக்கின்றன. அவற்றால் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் முடிகிறது.

கல் யாருடையது, விற்கலாமா

எடுத்தவருக்கே சொந்தம் என்று நினைத்துவிட்டீர்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பிரேசிலில் 1942 முதலே புதைபடிவங்கள் நாட்டின் சொத்து. அமெரிக்காவில் 2009-இல் வந்த சட்டப்படி, சில வகைக் கூட்டரசு நிலங்களில் சாதாரண முதுகெலும்பற்ற உயிர்களின் புதைபடிவத்தைச் சொந்த ஆசைக்குக் கொஞ்சம் எடுக்கலாம், விற்கக் கூடாது. முதுகெலும்புள்ளவற்றுக்கு அனுமதி வேண்டும், தேசியப் பூங்காக்களில் எதையும் தொடக் கூடாது. வேறு இடங்களில் நிலத்தின் உரிமையாளரே முடிவு சொல்பவர். எனவே உங்கள் ஓடைக்கரை பாதுகாக்கப்பட்ட பகுதியா, தனியார் நிலமா, பொது நிலமா என்பதை முதலில் விசாரியுங்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கல்லைக் காட்டிக் கேட்டுவிடுவதே நல்லது. பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அங்குள்ள அலுவலகத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். தெரியாமல் எடுத்த குழந்தைக்காகச் சொல்வது ஒன்று, விற்ற பிறகு விளக்கம் சொல்வது வேறு.

விற்பதைப் பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன், வேண்டாம். கடல் அல்லிக் காம்பு உலகில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. இந்த வட்டுகளாலேயே ஆன சுண்ணாம்புக்கல் அடுக்குகள்கூட உண்டு. இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவில் கரை ஒதுங்கும் வட்டுகளைப் புனித கத்பர்ட்டின் மணிகள் என்று சொல்லி மாலை கோத்திருக்கிறார்கள். கைப்பேசிக் குழுவில் கேட்பவர் "டைனோசர் வால்" என்று நம்பிக் கேட்டால் நீங்கள் அவரை ஏமாற்றுகிறீர்கள், காம்பு என்று தெரிந்தே கேட்டால் அவருக்கு அதைவிட மலிவாக வேறு இடத்தில் கிடைக்கும்.

உறுதி செய்துகொள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். இப்போது அனுப்பிய படங்களில் மூன்று மங்கலாக இருக்கின்றன. ஈரம் இல்லாத கல், பக்கவாட்டில் இருந்து விழும் வெளிச்சம், பக்கத்தில் ஒரு அளவுகோல், கழன்ற வட்டின் முகம் தனியாக ஒரு படம், இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் பதில் வரும். அருங்காட்சியகம் கல்லை வாங்கிக்கொள்ள மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், அவர்களிடம் பெட்டி பெட்டியாக இருக்கும்.

கடைசியாக உங்கள் மகளுக்கு. இதன் தலை எங்கே என்று கேட்டாள் அல்லவா? கடல் அல்லி செத்ததும் தசையும் நாரும் சில நாட்களில் அழுகிவிடும். பிறகு கிண்ணமும் கைகளும் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிந்து சிதறும். ஏழு வட்டுகள் வரிசை குலையாமல் சேர்ந்தே இருப்பதால், இது அதிகம் புரளாமல் சீக்கிரமே சேற்றில் மூடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் தலையின் துண்டுகளும் வெகுதூரம் போயிருக்காது. சாம்பல் பரப்பில் அரிசியைவிடச் சிறிதாக, செங்கல் போலவோ பிறை போலவோ, விளக்கொளியில் மின்னுகிற எதையாவது அவள் கண்டுபிடித்தால் பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், உங்கள் மைத்துனர் கேட்டாலும் முதலில் அவளிடமே கொடுங்கள்.